வர்தோயோவின் உளுத்த கூரை

சுராபாயா நகரத்தில் அந்தச் சந்துக்காரர்கள் கூடிப் பேசும்போது யாரும் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று சொல்வதில்லை. வர்தோயோவும் சொல்லவில்லை. "உங்க கூரையிலதான் நாள் முழுக்க வெயில். நம்ம பொது சோலார் தகட்டை அங்கேயே போட்டுடலாமா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் புறா நினைவுக்கு வந்தது.

கூரையோரம் அவருடைய உயரமான கம்பம் நின்றது. காலையில் கொடி ஏற்றுவதுபோல் கயிற்றை இழுத்து, புறாக்கூண்டை உச்சிக்கு ஏற்றுவார். அங்கே வெயில் பட்டால்தான் புறா கூவும். கம்பத்தின் நிழல் தகட்டில் விழக்கூடாதாம். கம்பம் போனால் கூவலும் போச்சே!

விடிகாலைத் தொழுகையில் ஒரு பொய் தோன்றியது. அதைக் காப்பாற்றிக் கொடு என்று இறைவனிடம் எந்த வாயால் கேட்பது? கேட்காமலே எழுந்துவிட்டார்.

மனைவி துமினி வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். சோலார் வேலையை நடத்தும் பெண்கள் குழுவுக்குத் தலைவியே அவள்தான்.

"துமினி, நம்ம கூரை உளுத்துப்போச்சு. தகடு வச்சா தலையில விழும்."

"ஐயையோ! எந்தப் பக்கங்க?"

"எல்லாப் பக்கமும்."

"சமையலறைக்கு மேலயுமா?"

"அங்கதான் ரொம்ப மோசம்!"

"ஒழுகுது ஒழுகுதுன்னு நான் கத்தினப்போ, உன் கண்ணுதான் ஒழுகுதுன்னீங்களே?"

"அது... இப்பதான் ஏறிப் பாத்தேன்."

"நல்லவேளை. மழையில சந்துக்குள்ள தண்ணி ஏறினா கரண்டு போயிடுது. தண்ணியை இறைக்கிற மோட்டார் ஓட அந்தத் தகடுதான் கதி. நீங்க கவலைப்படாதீங்க, குழுவுல நான் பேசிக்கிறேன்."

இவ்வளவு சுலபமா? அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு காலையில் வாசலில் ஒரே இரைச்சல். ஏணி, சட்டம், ஓடு, சுத்தியலோடு சந்தே திரண்டு நின்றது. பக்கத்து வீட்டு கிமான் உரிமையோடு கோபித்துக்கொண்டான்.

"உளுத்த கூரைக்குக் கீழ படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே! நாங்க எதுக்கு இருக்கோம்?"

வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மறுபடி தலைதான் ஆடியது.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "அண்ணே, மரம் இரும்பு மாதிரி இருக்கே!"

வர்தோயோவுக்கு வேர்த்துக்கொட்டியது. துமினி கீழிருந்து சொன்னாள்:

"உள்ளுக்குள்ள உளுத்திருக்கும் தம்பி. அவர் பொய் சொல்லுவாரா? சமையலறைப் பக்கம் மொத்தத்தையும் மாத்திடுங்க."

மாலைக்குள் சமையலறைக்குப் புதுக்கூரை வந்துவிட்டது. கூரையின் மறுபக்கம் சோலார் தகடும் ஏறிப் பளபளத்தது. கம்பம் தரையில் கிடந்தது. கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டார் வர்தோயோ.

"என் புறா...?"

"கம்பத்தைப் பொதுக்கூடத்து முற்றத்துல நட்டுத் தர்றதா, உங்ககிட்ட கூரை கேட்ட அன்னைக்கே குழுவுல முடிவாச்சு. அங்கயும் காலை வெயில் நல்லா விழும்."

"அடிப்பாவி! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

துமினி புதுக்கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லியிருந்தா, நம்ம கூரை உளுத்திருக்குமா?"