ஒன்பது கோல், நாற்பத்தொரு ஒற்றைப் புள்ளி

"எதிர்காலம்: இல்லை" என்று கடைசி வரியைத் தட்டி அனுப்பிவிட்டு, தேநீரை எடுத்து வாயில் வைத்த பிறகுதான் லின்ட்சே பென்ரோஸ் பார்த்தார். அறிக்கை அடிலெய்டுக்குப் போகவில்லை. பெனாரா ஊர் ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் வாட்ஸ்அப் குழுவில், அறுபத்தெட்டுப் பேருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

அந்த அறுபத்தெட்டில் ஜார்விஸ் பெதரிக்கும் ஒருவன். அறிக்கையே அவனைப் பற்றித்தான்.

ஜார்விஸுக்குப் பத்தொன்பது வயது. ஆறடி நாலங்குலம். அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். அவர்கள் ஆட்டத்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; நடுக்கம்பங்களுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி கொண்ட கோல், பக்கக் கம்பங்களுக்குள் போனால் ஒற்றைப் புள்ளி. அடிலெய்டு நகரத்துப் பெரிய கிளப் ஒன்று அவனைக் கோடைப் பயிற்சிக்குக் கூப்பிடலாமா என்று யோசித்து, "இந்த வருஷம் எப்படி ஆடினான், இனி எப்படி வருவான், ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தது. முன்வரிசைக்குப் பயிற்சியாளர் லின்ட்சேதான். பார்லிக் கிடங்கில் எடை போடுகிற வேலை. கையில் தராசு இல்லாத நேரத்திலும் எதையாவது எடை போட்டுக்கொண்டே இருப்பார். நேர்மையாக எழுத வேண்டுமென்று மூன்று நாள் தூங்காமல் யோசித்து எழுதியிருந்தார்:

"ஜார்விஸ் பெதரிக்: பதினாறு ஆட்டம். உயரத்தில் பிடித்த பந்துகள் எண்பத்தெட்டு. இந்த வட்டாரத்திலேயே முதலிடம். கோல் ஒன்பது. நடுக்கம்பங்களுக்கு வெளியே போய் ஒற்றைப் புள்ளியானவை நாற்பத்தொன்று. பந்து கையில் இருக்கும்வரை ராஜா. காலுக்குப் போனதும் பிச்சைக்காரன். என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். எதிர்காலம்: இல்லை."

லின்ட்சே பதறிப்போய் அதை அழித்தார். திரையிலிருந்து மறைந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோது கைபேசி அடித்தது. டாரன். அணியிலேயே மூத்தவன், முப்பத்தாறு வயது.

"கோச், படிச்சேன். ரொம்பக் காட்டமா இருக்கே?"

"எப்படிடா படிச்ச? அதான் அழிச்சிட்டேனே!"

"உங்க போன்ல அழிச்சிருப்பீங்க. எங்க போன்ல ஜம்முனு இருக்கு. எங்க வீட்டுக்காரி சத்தமாவே வாசிச்சா."

லின்ட்சே குழுவைத் திறந்தார். பதில்கள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. ஜார்விஸின் அம்மா க்வென் ஒரே ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியிருந்தார். அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று லின்ட்சேவுக்கு இன்றுவரை தெரியாது.

உடனே இன்னொரு செய்தி தட்டினார்: "மன்னிக்கவும். அது ஜார்விஸைப் பற்றியது அல்ல. பெயர் மாறி விழுந்துவிட்டது."

பிறகு டாரன் மறுபடியும் கூப்பிட்டான். இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை.

"கோச், முன்வரிசையில நாங்க இருக்கிறதே ஆறு பேர். ஜார்விஸ் இல்லேன்னா வேற யாரு அந்தப் பிச்சைக்காரன்?"

"யாரும் இல்லடா..."

"பதினேழு வருஷமா ஆடுறேன். முட்டி ரெண்டும் போச்சு. எதிர்காலம் இல்லேன்னு எனக்கே தெரியும். அதை ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"உன்னைச் சொல்லலடா, சத்தியமா!"

"அப்ப ஜார்விஸைத்தானே?"

"ஆமா. இல்ல. டாரன், கொஞ்சம் இரு..."

டாரன் இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் முன்வரிசையில் மூன்று பேர், அடுத்த வருஷம் ஆட்டத்துக்கு வருவது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று முழுக்க லின்ட்சேவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கடைசி வரியையே திரும்பத் திரும்ப எடை போட்டார். பத்தொன்பது வயசுப் பையனுக்கு எதிர்காலம் இல்லை என்று எழுத நான் யார்? இனி அவனுக்கு ஒரு நல்லதாவது செய்துவிடலாம் என்று உட்கார்ந்து புது அறிக்கை எழுதினார். இப்படி ஒரு ஆட்டக்காரனை முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை, கால் தங்கக் கால், விட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்று நீண்டது. இந்தத் தடவை முகவரியை நான்கு முறை சரிபார்த்து அடிலெய்டுக்கே அனுப்பினார்.

மறுநாள் காலையிலேயே ஹன்ட்லி என்பவர் பேசினார். நகரத்துக் கிளப்புக்கு ஆள் தேடுகிறவர்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க பென்ரோஸ். ஒரே ஒரு சந்தேகம். தங்கக் கால்னு சொல்றீங்க, ஆனா வட்டாரக் கணக்குல ஒன்பதுக்கு நாற்பத்தொண்ணுன்னு இருக்கே?"

"காத்துங்க. எங்க ஊர் கடலோரம். காத்து பலமா அடிக்கும்."

"பதினாறு ஆட்டத்திலயுமா?"

"கடல் அங்கேயேதானே இருக்கு."

ஹன்ட்லி சிரிக்கவில்லை. "சரி. அவன் போட்டதிலேயே நல்ல கோல் ஒண்ணை எனக்கு விவரமாச் சொல்லுங்க. எந்தப் பக்கம் நின்னான், எப்படி ஓடி வந்தான்?"

லின்ட்சே கண்ணை மூடினார். தவறிப்போன நாற்பத்தொன்றும் வரிசையாக வந்து நின்றன. முப்பது மீட்டரிலிருந்து, நட்டநடுவிலிருந்து, காற்றே இல்லாத மதியத்தில் உதைத்தது. கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்து அவன் மூக்கிலேயே மோதியது. எல்லாம் நேற்று நடந்ததுபோல இருந்தன. கோல் மட்டும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஒரு மனுஷன் இப்படியுமா குறையையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"நிறைய இருக்குங்க. எதைச் சொல்ல!" என்று சமாளித்தார்.

"அது போகட்டும். குறை உதையில மட்டும்தான்னா, அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

இதற்குத்தான் லின்ட்சேவிடம் பதில் இருந்தது. மடை திறந்தமாதிரி பேசினார். ஏப்ரலில் எட்டு அடி ஓடி வந்தவனைப் பதினோரு அடியாக்கியது. மே மாதம் பந்தைப் பிடிக்கும் பிடியை மாற்றியது. ஜூனில் உதைக்குமுன் மூச்சை எண்ணச் சொன்னது, இடது தோளை இறக்கச் சொன்னது. ஜூலையில் மறுபடியும் எட்டு அடியாக்கியது. இவ்வளவும் போதாதென்று, ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, அவன் உதைக்கப்போகும்போதெல்லாம் "தோள்! மூச்சு! பதினொண்ணு! இல்ல, எட்டு!" என்று நினைவுபடுத்தியது.

மறுமுனையில் பேனா எதையோ கிறுக்கும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு செஞ்சும் சரியாகலையா?" என்றார் ஹன்ட்லி கடைசியில். "அப்ப பையன்கிட்டதான் ஏதோ இருக்கு. இந்தக் கோடைக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறோம். நன்றி பென்ரோஸ்."

கிடங்கில் அன்று லின்ட்சே இரண்டு லாரிகளுக்கு எடையை மாற்றி எழுதினார். மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு, ஜார்விஸ் வேலை பார்க்கும் தீவனக் கடைக்குப் போனார். அவன் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஜார்விஸ், நான் எழுதினது..."

"சரிதான் கோச். ஒரு வார்த்தை தப்பில்ல. நாற்பத்தொண்ணு நாற்பத்தொண்ணுதானே."

"நகரத்துக்காரங்க பேசினாங்கடா. நல்லபடியாத்தான் சொன்னேன். எப்படியோ கெட்டுப்போச்சு. வேண்டாம்னுட்டாங்க."

அவன் முகம் ஒரு கணம் இருண்டது. கீழே கிடந்த சணலை எடுத்து விரலில் சுற்றினான், பிரித்தான்.

"பரவாயில்ல கோச். நீங்க எனக்காக எவ்வளவோ பாடுபட்டீங்க. வேற யாரு அப்படி நிப்பாங்க?"

அந்தச் சொல் லின்ட்சேவை உலுக்கிவிட்டது. கண் கலங்கியது.

"உன்னை விடமாட்டேன்டா. இந்தக் கோடை முழுக்க நான் இருக்கேன். தினமும் சாயங்காலம் மைதானத்துக்கு வா. ஒவ்வொரு உதைக்கும் பக்கத்திலேயே நிக்கிறேன்."

ஜார்விஸின் முகம் வெளுத்தது. "தினமுமா?"

"ஞாயிறுகூட!"

"கோச்..." அவன் மூட்டைகளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், வேறு எங்கும் பார்க்க இடமில்லாமல் தன் காலையே பார்த்தான். "நான் அடுத்த வருஷம் ஆடலேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். பந்தைத் தொடவே பிடிக்கல. உங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. நிஜமா."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் கை குலுக்கினான். திரும்பிப் போய் மறுபடியும் மூட்டை அடுக்கினான்.

லின்ட்சே வீட்டுக்குப் போகவில்லை. கால் தானாக மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. ஆட்டங்கள் முடிந்துவிட்டதால் புல் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோல் கம்பங்களைச் சுற்றிக் கட்டியிருந்த மெத்தைகளை மர்லீன் அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாரநாளில் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துபவர். சனிக்கிழமையானால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நின்று, கோலானால் இரண்டு கொடி, ஒற்றைப் புள்ளியானால் ஒரு கொடி ஆட்டுகிற நடுவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

லின்ட்சே வேலியில் சாய்ந்துகொண்டு நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

"ஒரு நல்ல பையனை அழிச்சிட்டேன் மர்லீன். ஒரு வரி எழுதி அழிச்சிட்டேன்."

மர்லீன் மெத்தையைச் சுருட்டி, மேலே ஏறி உட்கார்ந்தார்.

"அந்த வரியால ஒண்ணும் ஆகல."

"நீ ஆறுதலுக்குச் சொல்ற. அவன் போட்ட ஒன்பது கோல்ல ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல, தெரியுமா? நானெல்லாம் ஒரு கோச்சா?"

"எப்படி ஞாபகம் இருக்கும் லின்ட்சே? ஒன்பது தடவையும் ரெண்டு கொடியையும் ஆட்டிட்டு வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒன்பது தடவையும் அங்க நின்னு கத்த நீ இல்ல. ஒண்ணு, தின்ன ஏதாவது வாங்கப் போயிருந்த. இல்லேன்னா, ஒண்ணுக்குப் போயிருந்த."