முந்திக் கேட்ட கடன்

முரளி படகிலிருந்து இறங்கும்போதே அவன் கையிலிருந்த மிக்சர் பொட்டலத்தைச் சகாதேவன் பார்த்துவிட்டான். மச்சான் சும்மா வந்தால் வெறுங்கையோடு வருவான். மிக்சரோடு வந்தால் கடன் கேட்க வருகிறான் என்று அர்த்தம்.

வீட்டில், கிழிந்த வலை மூட்டைக்குள் ஐம்பதாயிரம் இருந்தது. பழவேற்காட்டில் கருவாட்டு மண்டி வைத்திருக்கும் அப்துல் ரவூப் பாயிடம் இரண்டு வருஷம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். மகள் இளவரசிக்குப் பொன்னேரியில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்து, ஐந்தாயிரம் அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. மீதியைப் பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமைதான் வாங்குவார்களாம். பேங்கில் போட்டால் எஞ்சின் லோனுக்கு அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பெண்டாட்டி கஸ்தூரியிடம் சொன்னால், அது அவள் தம்பி முரளியின் காதுக்குப் போய்ச்சேரச் சோறு வேகிற நேரம்கூட ஆகாது.

பணத்தைக் கொடுக்கும்போதே பாய் புத்தியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பணத்தப் பூட்டி வெக்கிறது பெரிசில்ல சகாதேவா. பணம் இருக்கற மூஞ்சியப் பூட்டி வெக்கணும். எவனாச்சும் கேக்க வந்தா, அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ கேட்டுரு."

சகாதேவன் கரைக்கே போய் மச்சானை வழிமறித்தான்.

"நல்ல நேரத்துல வந்த மச்சான். ஒரு அஞ்சாயிரம் இருந்தா குடேன். வீட்ல ஒண்ணியும் இல்ல."

முரளி திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான். அக்காவை எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த படகிலேயே கிளம்பினான். மிக்சரையும் எடுத்துக்கொண்டு போனான்.

அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிவிட்டது.

"இன்னாய்யா, என் தம்பிகிட்ட கையேந்துனியாமே?"

சகாதேவனால் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. மறுநாள் கஸ்தூரியின் காதில் கம்மல் இல்லை. நாலாயிரத்துக்கு அடகு வைத்து, வீட்டுச் செலவுக்கென்று அவன் கையில் திணித்தாள். சொன்ன பொய்க்கு வட்டி ஓடத் தொடங்கியது.

பசியாவரம் சின்னத் தீவு. அடுத்த வீட்டு செசிலியா, காசு வாங்காமல் மீன் செதிலைக்கூடக் கொடுக்காதவள், இரண்டு படி அரிசியோடு வந்து நின்றாள். வேண்டாம் என்றான். பாவம், ரோஷக்காரர் என்று மேலும் இரண்டு படி கொண்டுவந்ததோடு, பத்துப் பேரிடம் சொல்லியும் வைத்தாள்.

ஊர்க்கூட்டத்திலும் பேச்சு வந்துவிட்டது. ஏரியில் இறால் ஓடும் இடத்தில் வலை போட ஆளுக்கொரு நாள் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அந்த வியாழக்கிழமை பாடு சகாதேவனுடையது.

"டீசலுக்கே வழியில்லாதவன் நீ போயி இன்னா பண்ணுவ?" என்றார் தலைவர் சிங்காரம். "மனோஜ் போடட்டும். வர்றதுல கால் பங்கு உனக்கு."

டீசலை எப்படியாவது பார்த்துக்கொள்வதாகச் சகாதேவன் சொல்லிப் பார்த்தான். இருப்பதையும் அடகு வைக்கப் பார்க்கிறான் என்று ஊரே தடுத்தது. வியாழக்கிழமை மனோஜ் வலையில் அந்த வருஷமே காணாத இறால் விழுந்தது. சகாதேவனின் கால் பங்குக் காசு கைக்கு வர ஒரு வாரம் ஆகுமாம். அவன் சகாதேவனைக் கட்டிக்கொண்டு அழுதான். சகாதேவனுக்கும் அழுகை வந்தது. மச்சானுக்கே ஐந்தாயிரம் கொடுத்துத் தொலைத்திருந்தால் எவ்வளவோ மலிவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இளவரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, திங்கக்கெழமைக்கு நெஜமாவே ஒண்ணும் இல்லியா?"

உள்ளே கஸ்தூரி பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"ஒண்ணும் இல்ல கண்ணு."

திங்கட்கிழமை ரசீதைக் கையில் கொடுக்கும்போது அவள் முகம் எப்படிப் பூரிக்கும் என்று நினைத்துப் பார்த்தான். பணத்தோடு அந்தச் சந்தோஷத்தையும் அவன் சேர்த்துத்தான் வைத்திருந்தான். அவள் சரியென்று தலையாட்டினாள். மறுநாள் சிநேகிதியைப் பார்க்கப் பொன்னேரிக்குப் போய்வந்தாள். இரவு அவளே அவனுக்குச் சோறு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரியின் காதுக்குக் கம்மல் திரும்பி வந்திருந்தது. யார் கொடுத்த பணம் என்று கேட்டதற்கு, சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்றாள். முரளியாகத்தான் இருக்கும். கல்யாணமான இருபது வருஷத்தில் முதல்முறையாகச் சகாதேவன் மச்சானைப் பற்றி நல்லபடியாக நினைத்தான். அடுத்த தடவை மிக்சரோடு வந்தால் இல்லையென்று சொல்வதில்லை என்றும் முடிவு செய்தான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரி போய், மீன் வாடை அடிக்கும் ஐம்பதாயிரத்தைக் கல்லூரி ஆபீஸில் வைத்து, மகள் பேரைச் சொன்னான். கணக்கு எழுதும் நுஸைபா பணத்தைத் தொடவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அந்த எடத்துல வெயிட்டிங்ல இருந்த வேற பொண்ணு சேந்துடுச்சே சார். உங்க பொண்ணுதான் சனிக்கெழம வந்து, நைனாகிட்ட ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்து, அட்வான்ஸ் அஞ்சாயிரத்த திருப்பி வாங்கிட்டுப் போச்சு, அம்மா கம்மல அடகுலேந்து எடுக்கணும்னு."