ஆனைக்குட்டத்தில் நான் பார்த்த பண்டு விலை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் மருந்துக்கடைக்காரரே திருப்பிக் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்துப் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு முப்பது வயது. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் தகரம் அடிக்கிற வேலை. (தினசரி காலண்டர் தாள்களை அடுக்கி, மேலே தகரப் பட்டை வைத்து மெஷினில் அமுக்க வேண்டும்.) அதுவரை நாலு வீட்டில் பெண் பார்த்தாகிவிட்டது. நாலு வீட்டாரும் "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. ஐந்தாவது ஆனைக்குட்டம். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் கூட வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

தரகர் அங்கே ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டிருந்தார். "மாப்பிள்ளைக்குக் கம்பெனியில கம்ப்யூட்டர் பொறுப்பு." முழுப் பொய் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் கம்பெனிக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடுவது நான்தான்.

பெண்ணின் அப்பா காடு கரை உள்ளவர். ஒரு துண்டு நிலத்தை விற்று மியூச்சுவல் பண்டில் போட்டிருந்தார். போடச் சொன்னவர் பெண்ணின் தாய்மாமன் முருகேசன். அவரும் பஜ்ஜித் தட்டோடு பக்கத்திலேயே இருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர் போட்டு வைத்திருந்தார். பழைய தேதி எதைக் கொடுத்தாலும் அன்றைக்குப் பண்டு என்ன விலை என்று எடுத்துக் காட்டும். போன வாரம்தான் வந்து புது விலைகளை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்.

"தம்பி, இங்கன வந்து உக்காருங்க" என்றார் பெண்ணின் அப்பா. "இப்ப விலை பதினெட்டு ரூபா நாப்பது காசுன்னு மகன் எழுதி வச்சிருக்கான். இந்த ஜனவரி இருவதுல வாங்கினேன். அன்னைக்கு என்ன விலைன்னு பாருங்க. அவன் இல்லாம இங்க யாரும் அதைத் தொட மாட்டேங்காக."

போய் உட்கார்ந்தேன். "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். கூச்சக்காரனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வராது. ஒற்றை விரலால் நாளைத் தட்டினேன். மாதத்தைத் தட்டினேன். வருஷத்தையும் தட்டிப் பட்டனை அமுக்கினேன். பதினெட்டு நாற்பது என்று வந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அதே விலையா? ஆறு மாசத்துல சல்லிக்காசு ஏறலையா?"

"ஏறலைங்கய்யா" என்றேன், ஏதோ நானே ஏறாமல் பிடித்து வைத்திருந்த மாதிரி.

"ஏலே முருகேசா! பண்டு கிடுகிடுன்னு ஏறுது அத்தான்னு வாராவாரம் வந்து கோழிக்கறி தின்னுட்டுப் போனியேலே!"

"ஏறத்தான் செஞ்சது அத்தான். பேப்பர்ல பாத்தேனே."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

"நான்தான் பொய்யன்! கோழிக்கறி தின்னவனுக்கு இங்க என்ன சோலி? தாய்மாமன் முறைக்கு இந்தக் கம்ப்யூட்டரையே கூப்பிட்டுக்கோங்க!" முருகேசன் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலில் செருப்பைத் தேடினார்.

பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். தாய்மாமன் வராமல் அந்த வீட்டில் கல்யாணம் நடக்காது. எனக்கு எந்த வீட்டிலும் நடக்காது.

காபி கொண்டுவந்த பெண் குனிந்தபடி திரையைப் பார்த்தாள். "அப்பா, இதுல அடுத்த வருசத்து ஜனவரியில்ல போட்டிருக்கு!"

காலண்டர் கம்பெனிக்காரர்களுக்கு இது புரியும். ஆனி மாதத்திலேயே நாங்கள் எல்லோரும் அடுத்த வருஷத்தில்தான் இருப்போம். நாள் முழுக்க அந்தத் தாள்களையே அடுக்குகிற கை அதைத்தானே தட்டும்? சாப்ட்வேரோ, விலை இல்லாத தேதியைக் கொடுத்தால் அதற்கு முன் கைவசமுள்ள கடைசி விலையைக் காட்டுமாம். அதனால் இன்னும் பிறக்காத ஜனவரிக்குப் போன வாரத்து விலையைக் காட்டிவிட்டது.

"என்ன தம்பி இது?" என்றார் பெண்ணின் அப்பா.

"எங்க கம்பெனியில இந்த வருசம் எப்பவோ முடிஞ்சுபோச்சுங்கய்யா. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தகரம் அடிக்கேன்." ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். தரகர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினார்.

பெண் முந்தானையால் வாயை மூடிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவளே வருஷத்தை மாற்றித் தட்டினாள்.

"எம்புட்டு?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"பதினஞ்சு ரூபா பத்து காசு மாமா."

முருகேசன் திரும்பி வந்து பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏமாத்தாத ஆளு அத்தான். அதுக்கான வெவரமும் இல்லை. முடிச்சிருவோம்."

தையில் கல்யாணம் நடந்தது. இப்போதும் விருந்தாளி வந்தால் முருகேசன் மாமா, "இவரு எங்க வீட்டுக்கு அடுத்த வருசம் வரவேண்டிய மாப்பிள்ளை. அவசரப்பட்டு வந்துட்டாரு" என்றுதான் ஆரம்பிப்பார். பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பமானாலும் பேங்க் சீட்டானாலும் கையெழுத்து மட்டும்தான் நான். தேதி போடுவது என் மனைவி. கீழே இருப்பதும் அவள் போட்டதுதான்.

ஆனி 12, ஞாயிற்றுக்கிழமை. இந்த வருஷம்தான்.