நாற்பத்தேழாம் வரியில் நின்றுபோன கணினி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம். மூன்று நாளாகப் படுத்திருந்த கணினியும் இன்று மாலை கண் விழித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னீர்களே, அதற்கு அவசியமில்லை என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். அதனால் கையால் எழுதி, ஆபீஸ் விட்டு வரும் வழியில் இங்கே தலைகாட்டும் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கணினி பொத்தானை அமுக்கினால் விழிக்க நான்கு நிமிடம் எடுக்கிறது. முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். பொத்தானை அமுக்கிவிட்டு நான்கு நிமிடம் நிற்பது எனக்குச் சரிப்பட்டு வராது. நீங்கள் பென் டிரைவில் போட்டுத் தந்த இன்ஸ்டாலரை ஓட்டி, பூட் லோடரை, அதாவது கணினியைத் தட்டி எழுப்பும் அந்தச் சின்ன நிரலை, புதிதாகப் போடப்போகிறேன் என்று திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன். உங்கள் மாமியார் டம்ளரைக் கீழே வைத்தாள். ஐம்பத்தெட்டு வயதில் எம்.ஏ. படிக்கிறவளின் நூற்றுப்பன்னிரண்டு பக்க ஆய்வறிக்கை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், அதுவரை யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்றாள். தலையாட்டிவிட்டு நடக்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் நூலகத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் கணினியும் மட்டும். கை சும்மா இருக்குமா?

பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே கணினியை எழுப்பி இன்ஸ்டாலரை ஓட்டினேன். அறுபத்தோராம் வரியில் பிழை என்று நின்றது. சரி, வந்த வழியே போய்விடலாம் என்று பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது. அவளுடைய இரண்டு வருட உழைப்பை ஒரு காலைப்பொழுதில் நான் விழுங்கிவிட்டேனா? உடனே பரணிலிருந்து "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்ற என் பழைய பலகையை எடுத்துத் திரையின்மேல் மாட்டினேன். சாயங்காலம் வந்தவள் பலகையைப் படித்தாள். ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். இதைச் சரி செய்யாமல் அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

உங்களுக்குப் போன் செய்ததும் நினைவிருக்கும். "அவசரப்படாதீங்க மாமா, ஒவ்வொரு வரியா நிதானமாப் பாருங்க" என்றீர்கள். பார்த்தேன். சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், இன்ஸ்டாலருக்காக நீங்கள் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது அந்தக் கட்டளை வரிகள், லட்சணமாக இல்லை. அறுபத்தோராம் வரியில் ஒரு நிபந்தனையைத் திறந்தவர் மூடவே இல்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு லிஃப்ட் ஏன் நகரவில்லை என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூடினேன். அப்போதுதான் முதல் வரியிலிருந்து ஓடத் தொடங்கி அடுத்த பிழையில் நின்றது. பென் டிரைவுக்கு "லிஃப்ட் மாமா" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்; நடுவில் இடைவெளி இருப்பதால் ஸ்கிரிப்ட் அதை இரண்டு பேராக எண்ணிக்கொண்டு, லிஃப்ட் எங்கே, மாமா எங்கே என்று தனித்தனியாகத் தேடுகிறது. மேற்கோள் குறிக்குள் அடைத்து ஒரே ஆளாக்கினேன். செவ்வாய்க்கிழமை அதிலேயே போயிற்று.

இன்று காலை நாற்பத்தேழாம் வரி வழிமறித்தது. "ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை, நிறுத்துகிறேன்" என்கிறது. பதினோரு முறை ஓட்டினேன், பதினோரு முறையும் அதே பேச்சு. உள்ளங்கை அளவுப் பொருள், மூடிய பெட்டிக்குள் இருந்து எங்கே நடந்து போகும்? கதவு மூடியிருக்கும்போதே திறந்திருக்கிறது என்று பொய் சொல்லும் சென்சார்களோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவன் நான். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு துண்டு வயரை வைத்துச் சென்சாரைத் தாண்டிப் போவோம். இங்கே வயருக்குப் பதில் வரியின் தலையில் ஒரு # வைத்தால் போதும், அது வாயைத் திறக்காது. வைத்தேன். இன்ஸ்டாலர் கடகடவென்று ஓடி "முடிந்தது" என்றது. மறுபடி பொத்தானை அமுக்கினால் பதினோரு நொடியில், எதைத் திறக்கட்டும் என்று கேட்கும் பட்டியல் வந்து நிற்கிறது. இதற்குமேல் நான் தொடவில்லை. என்டரை அவளே அமுக்கட்டும்.

நீங்கள் படித்தவர், ஆனாலும் மூத்தவன் சொல்கிறேன், திறந்ததை மூடப் பழகுங்கள். இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

அன்புள்ள,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் மாமியார் வந்து என்டரை அமுக்கினாள். ஹார்ட் டிஸ்க் இல்லை என்றே வந்தது. டிஸ்க் கிடைக்காததால் பூட் லோடர், செருகியே இருந்த பென் டிரைவின் மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். அவள் கைப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். திங்கட்கிழமை நான் நடக்கப் போன நேரத்தில், என் ஸ்க்ரூடிரைவராலேயே கழற்றினாளாம். போனில் வழி சொன்னது நீங்களாம். "லிஃப்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற ஆளை இறக்கிவிடணும்னு நீங்கதானே சொல்வீங்க. நான் என் ஆளை இறக்கிட்டேன்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை மாப்பிள்ளை. நூற்றுப்பன்னிரண்டு பக்கமும் பத்திரமாக இருக்கிறது என்றதும் கண் கலங்கிவிட்டது. ஞாயிறு வரை பொறுக்க வேண்டாம், நாளைக் காலையே வந்து அதை மாட்டிக் கொடுங்கள். நான் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நாற்பத்தேழாம் வரியின் தலையிலிருந்த குறியை எடுத்துவிட்டேன். இந்த மூன்று நாளில் என்னிடம் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.