லாண்டிங் அங்கிளுக்கு ஆட்டிய சாரம்

ஒருவர் தினமும் நம் அறைவாசலில் நின்று சொல்லும் இரண்டு சொற்களைக்கூடப் புரிந்துகொள்ளாமல் அவருக்கு உதவப் புறப்படுவதைச் சேவை என்று சொல்லலாமா? சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு இந்தக் கேள்வியை எந்தத் தேர்விலும் யாரும் கேட்கவில்லை. கேட்கவைத்தவர், சிட்னி பிளாக்டவுனில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த ‘லாண்டிங்’ அங்கிள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே, பனிச்சறுக்குத் தாவல் போட்டியை அவரளவுக்கு உரத்த குரலில் பார்த்த மனிதர் இன்னொருவர் பிறந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த வாடகை வீட்டில் நாங்கள் மூவர் இருந்தோம்: திருச்சியிலிருந்து வந்த நான், டாக்சி ஓட்டும் யாழ்ப்பாணத்து ரமணன், மன்னார்க்காரரான அங்கிள். அங்கிளுக்கு உறைபனிக் கிடங்கில் வேலை. மீன்பெட்டிகளுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே நாள் முழுதும் நிற்பவர் என்பதால், “பனியைப் பற்றிக் கதைக்க இந்த வீட்டில எனக்கு மட்டும்தான் உரிமை” என்பார். யார் எதிலிருந்து இறங்கினாலும் இருபதுக்கு மதிப்பெண் போடுவார். மாடிப்படியிலிருந்து இறங்கினால் போடுவார், பேருந்திலிருந்து இறங்கினால் போடுவார், கல்லிலிருந்து தட்டுக்குத் தோசை இறங்கினாலும் போடுவார். என் படியிறக்கத்துக்கு ஒருபோதும் பதினொன்றைத் தாண்டியதில்லை. “தம்பி, லாண்டிங் சரியில்லை. முழங்கால் மடியேல்லை” என்று ஆழ்ந்த வருத்தத்துடன் சொல்வார்.

நான் குடிவந்த புதிதில், அதிகாலையில் அவர் என் கதவைத் தட்டி, “தம்பி, போட்டு வாறன்” என்றார். மறுபடி மாலையிலும், “போட்டு வாறன்.” ஞாயிறு காலை வெள்ளைச்சட்டை அணிந்து, தலையை வழித்து வாரிக்கொண்டும், “போட்டு வாறன்.”

எங்கள் ஊரில் ஒருவர் போட்டுவிட்டு வருகிறேன் என்றால், என்னத்தைப் போடுகிறார் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. விடியும் முன்பே தொடங்குகிறார், ஞாயிற்றுக்கிழமையையும் விடுவதில்லை. தனிமை, குடும்பப் பிரிவு, கடும் உழைப்பு ஆகிய காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தி, தக்க தருணம் பார்த்து, எலுமிச்சைச் சாறு ஒரு குவளை கரைத்து அவர் முன்னால் வைத்தேன்.

“அங்கிள், தப்பா நினைக்காதீங்க. இதிலிருந்து வெளியே வர ஆதரவுக் குழுவெல்லாம் இருக்கு. முதல் கூட்டத்துக்கு நானே உங்ககூட வர்றேன்.”

“எதிலயிருந்து, தம்பி?”

“குடியிலிருந்து.”

அங்கிள் குவளையை மேசையில் வைத்தார். “குடியோ? நான் வேதக்காரன், மாதா கோயில் ஆள்! தவக்காலம் எண்டா தேத்தண்ணியையே விடுற ஆள்!”

ரமணன் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து தரைக்கு வந்துவிட்டார். “ஐயோ அண்ணை, ‘போட்டு வாறன்’ எண்டா போயிட்டு வாறன் எண்டு! மனுசன் வேலைக்கும் பூசைக்கும் போறவர்!”

கீழே கிடந்த ரமணனை அங்கிள் ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். “ஒன்பது” என்றார்.

‘போறன்’ என்று மட்டும் சொல்லி அவர் வீட்டைவிட்டு இறங்கியதே இல்லை. அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. உள்ளேயிருந்து ஒருவர் “ஓம், போட்டு வாங்கோ” என்று சொல்லியாக வேண்டும். ஒருநாள் நாங்கள் இருவரும் அசந்து தூங்கியபோது, வாசலில் நின்றபடியே ரமணனின் கைபேசிக்கு அழைத்து, பதிலை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.

இந்தப் பழக்கம் அவருக்கு உண்மையான தடையாக மாறியது கார் விஷயத்தில்தான். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு அவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து, மனைவி சிட்னிக்கு வரவிருந்தார். விமான நிலையத்திலிருந்து அவரைத் தாமே காரோட்டி அழைத்துவர வேண்டும் என்பது அங்கிளின் சபதம். ஆனால் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தார். மூன்று முறையும் ஒரே காரணம்: வண்டி கிளம்பவில்லை. தேர்வு வளாகத்து வாசலிலும் நிற்பார், ஒவ்வொரு ரவுண்டபவுட் வட்டச் சந்தியிலும் நிற்பார். எல்லோரும் போன பிறகும் நிற்பார்.

“அங்கிள், நடுவில மாதா சுரூபமே இருக்கு, நிண்டு செபம் சொல்ல?” என்று, அவருக்குக் காரோட்டக் கற்றுக்கொடுத்த ரமணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் என்னெண்டு வெளிக்கிடுறது? பக்கத்தில இருந்த சோதனை அதிகாரியிட்ட ‘போட்டு வாறன்’ எண்டனான். ‘சொரி?’ எண்டா. அது ஓம் இல்லைத்தானே!”

நான்காவது தேர்வு நெருங்கிய வாரத்தில் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் வந்தன. ஆடவர் தனிநபர் பனிச்சறுக்குத் தாவல் இறுதிப்போட்டி காலையில் மறுஒளிபரப்பானது. வெளியே பெப்ரவரி வெயில் தகித்தது. அங்கிளோ கிடங்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, “பார்க்கவே குளிருது” என்று அமர்ந்தார். உயரத்தில், ஒரு கட்டையில் அமர்ந்திருக்கும் வீரர்கள் ஒவ்வொருவராகச் சரிவில் பாய்ந்து காற்றில் மிதக்க, “போட்டு வா, ராசா!” என்று வீடு அதிரக் கத்தினார். தரை தொடும்போது ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடிக்கிறார்கள் அல்லவா, அதையும் பார்த்துத்தான் நடுவர்கள் இருபதுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அங்கிள் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்.

“பாத்தியளோ, இறங்கின உடன முழந்தாள்படியிடுறான்! நல்ல வேதக்காரப் பெடியன்.”

“அப்ப விழுந்தவன்?” என்றார் ரமணன்.

“அவன் பூசைக்கு ஒழுங்காப் போறேல்லை.”

அப்போது ஒல்லியான இளைஞன் ஒருவன் கட்டையில் வந்து அமர்ந்தான். காற்று சரியில்லை என்று இறக்கினார்கள். மீண்டும் அமர்ந்தான், மீண்டும் இறக்கினார்கள். மூன்றாம் முறை பச்சை விளக்கு எரிந்த பிறகும் அவன் அசையவில்லை. சரிவின் ஓரத்து மேடையில் அவனுடைய பயிற்சியாளர் ஒரு கொடியுடன் நின்றிருந்தார். கொடி அசைந்தது, அவன் பாய்ந்தான்.

அங்கிள் அவனுக்கு மதிப்பெண் போடவில்லை.

“பாத்தியளே. அவனுக்கும் ஒராள் சொல்லோணும்.”

பிறகு, திரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். “ஊரிலயிருந்து வள்ளம் ஏறின அண்டு என்ர மனுசி படுத்திருந்தவ. எழுப்பினா அழுவா, அழுதா நான் போகமாட்டன் எண்டு, சொல்லாமல் வெளிக்கிட்டனான். சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிருந்தா எப்பவோ திரும்பியிருப்பன்.”

ஒருவரின் அகதி வாழ்வுக்கு எத்தனையோ அரசியல் காரணங்களை நான் படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றையாவது எடுத்துச் சொல்லித் திருத்தலாமா என்று யோசித்து, வாயை மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் நான் செய்த முதல் உருப்படியான சமூகப்பணி அதுவாக இருக்கலாம்.

தேர்வு நாளன்று நானும் ரமணனும் தேர்வு வளாகத்து வேலியோரம் நின்றோம். ரமணன் அங்கிளின் சிவப்புக்கட்டச் சாரத்தை என் கையில் திணித்தார்.

“ஆட்டுங்கோ அண்ணை.”

“இது தேர்வுக்கு இடையூறா எடுத்துக்கப்படலாம். அந்த அதிகாரி அம்மா மிரண்டாங்கன்னா விளைவு அங்கிளுக்குத்தானே? அதுவும் லுங்கியை…”

“நீங்கள் யோசிச்சு முடிய அங்கிளின்ர மனுசி ஊரில கிழவியாகிடும்! ஆட்டுங்கோ!”

வளாகத்து வாசலில் கார் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அங்கிளின் உதடுகள் அசைந்தன. நான் இரு கைகளாலும் சாரத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி, முதுகலைப் பட்டத்தின் முழுப் பொறுப்புணர்வோடும் ஆட்டினேன். “ஓம் அங்கிள், போட்டு வாங்கோ!” வரிசையில் நின்றவர்கள் அனைவரும் திரும்பினார்கள். ஒரு குழந்தை கைதட்டியது. கார் கிளம்பியது.

தேர்ச்சி. திரும்பி வந்தவர் சொன்னார்: “ஒவ்வொரு ரவுண்டபவுட்டிலயும் நீங்கள் சாரத்தோட நிக்கிறதா நினைச்சன், தம்பி. சிரிப்பு வந்தது. போட்டன்.”

அங்கிள் தன் மனைவியை, எங்கள் அன்ரியை, விமான நிலையத்திலிருந்து அழைத்துவரப் புறப்பட்ட நாளில், பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று என்னைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். தள்ளுவண்டியோடு அன்ரி வெளியே வந்ததும், அங்கிள் அவர் எதிரே போய் நிமிர்ந்து நின்றார். பல ஆண்டுகளாகச் சொல்லக் காத்திருந்த ஒன்றைச் சொன்னார்.

“வந்திட்டன்.”

அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “வந்தது நானப்பா. நீங்கள் இஞ்சதானே நிண்டனீங்கள்.”

சொல்லிவிட்டு அவர் அழ, இவர் அழ, வண்டியிலிருந்து சரிந்த பெட்டி என் காலில் இறங்கியது. அதற்கு மட்டும் யாரும் மதிப்பெண் போடவில்லை.

வீட்டுக்கு வந்து, காரிலிருந்து அன்ரி மெல்ல ஒரு காலை முன்வைத்து இறங்கியபோது, ரமணன் வாசலிலிருந்தே கேட்டார்: “அங்கிள், எவ்வளவு?”

“இருபது” என்றார் அங்கிள், பார்க்காமலே.

அவர்கள் இப்போது தனி வீட்டில் இருக்கிறார்கள். நானும் வேலை மாறி, மெல்பர்னில் கிளென் வேவர்லிக்கு வந்துவிட்டேன். காலையில் கிளம்பும்போது “போட்டு வாறன்” என்றுதான் சொல்கிறேன். உள்ளேயிருந்து யாராவது “ஓம்” என்று சொல்லும்வரை படியிறங்குவதில்லை. இறங்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடிக்கிறேன்.