அந்தரத்தில் நின்ற எறும்பு

கீரமங்கலத்தில் அந்த மாதம் டாக்டர்களுக்கு வேலை குறைந்துபோனது. மாந்தோப்புப் பந்தலில் எறும்புச் சித்தர் வந்து இறங்கியிருந்தார். ரேஷன் கார்டில் அவர் பெயர் பிச்சை. அதை யார் பார்த்தார்கள்?

சித்தர் டப்பாவைத் திறந்து விரல் நுனியில் ஒரு செவ்வெறும்பை விட்டுக்கொள்வார். பக்தர் கேள்வி கேட்பார். சித்தர் விரலைச் சுண்டுவார். எறும்பு அந்தரத்தில் நின்றால் 'ஆகும்'. தரையில் விழுந்தால் 'ஆகாது'. கல்யாணம், வீடு, வெளிநாட்டு விசா, எல்லாவற்றுக்கும் எறும்புதான் அதிகாரி. அன்னவாசலிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஆவூர்க்காரர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள். ஏமாறுவதில் மட்டும் நம்மிடம் பேதமே கிடையாது. பின்வரிசைக்கும் தெரிய வேண்டுமே! எறும்பைச் செல்போனில் பிடித்துப் பெரிய திரையில் காட்டினார்கள்.

பூ விவசாயி பெரியண்ணனும் போனார். அவர் மனைவி அன்புமொழிக்கு மார்பில் கட்டி. உடனே சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுக்கலாமா என்று பெரியண்ணன் கேட்டார். எறும்பு விழுந்தது.

"கத்தி படக் கூடாது. பதினோரு வாரம் மாலை கொண்டாந்து போடு, கரைஞ்சிரும்," என்றார் சித்தர். போட்ட மாலைகள் மறுநாள் பூ மார்க்கெட்டுக்கே திரும்பின. எறும்புக்கு வியாபாரமும் தெரியும் போல.

மூன்று வாரம் கழிந்தது. செல்போனைப் பழுதுபார்க்கக் கொடுக்க வந்த அன்புமொழி, சர்வீஸ் கடை நிலோஃபரிடம் அழுதுவிட்டாள். "கட்டி பெருசாயிட்டே போவுது. இவரு எறும்பு பேச்சத்தான் கேக்குறாரு."

நிலோஃபர் விலங்கியல் படித்தவள். படிப்புக்கு வேலை கிடைக்காததால் கடை வைத்தவள். "எறும்பு அந்தரத்துல நிக்குதா? அதுக்கு நூல் விடத் தெரியாதேக்கா! ஞாயித்துக்கெழம நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் மாலையோடு வந்தார். சித்தர் முன் பெண்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். அதே கேள்வி. எறும்பு விழுந்தது. நிலோஃபர் அதைத் தன் விரலில் ஏற்றிக்கொண்டாள். கடித்தது. பொறுத்துக்கொண்டாள்.

"எறும்பே, சாமி உசுரோட இருக்காரா?"

சுண்டினாள். விழுந்தது.

"இல்லைங்குது," என்றாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சாமி, பின்னாடி இன்னொரு டப்பா இருக்கே, அதத் தொறங்க."

"நீ வேற மதம்! தொடாதே!"

"எறும்புக்கு மதம் கெடையாதுங்க. காலுதான்."

அவர்கள் வாக்குவாதத்தில் இருக்கும்போதே அன்புமொழி எட்டி டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே இருந்ததை விரலில் விட்டாள். "இந்த ஆளு ஏமாத்துறாரா?"

சுண்டினாள். அது அந்தரத்தில் அம்சமாக நின்றது.

பந்தல் அதிர்ந்தது. நிலோஃபர் படம் பிடிக்கும் செல்போனில் தன் கடை லென்ஸை மாட்டினாள். இரண்டு பூச்சிகளும் திரையில் ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்தன. கூட்டம் கால்களை எண்ணியது. இதற்கும் எட்டு, அதற்கும் எட்டு.

"பாத்தீங்களா! ரெண்டும் ஒண்ணுதான்!" என்று சித்தர் துள்ளினார்.

"மொளைக்கிற எடத்தப் பாருங்க," என்றாள் நிலோஃபர். "இதுல ரெண்டு, மூஞ்சியிலேருந்து மடங்கி வருது. அது மீசை. மிச்சம் ஆறுதான் காலு. இது எறும்பு. அதுல எட்டுமே நெஞ்சுல மொளைக்குது. முன்னங்கால் ரெண்டத் தூக்கி மீசை மாதிரி ஆட்டுது. முன்னாடி வரிசையா நாலு கண்ணு வேற. எறும்பு வேசம் போட்ட எட்டுக்கால்பூச்சிங்க! நூலுல தொங்குது. இவருக்கு 'ஆகும்' வேணும்னா பூச்சி. 'ஆகாது' வேணும்னா எறும்பு."

வெளிச்சத்தில் நூல் மின்னியது. சித்தர் காவியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் ஓடினார். ஆவூர்க்காரர்களே பிடித்துப் போலீசில் விட்டார்கள்.

பெரியண்ணன் தலை குனிந்து நின்றார்.

"எறும்பு சொன்னா கேட்டீங்க. நான் சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்றாள் அன்புமொழி. "நாளைக்கு ஆஸ்பத்திரி."

புற்றுதான். ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை செய்தார்கள், பிழைத்துக்கொண்டாள். பதினோரு வாரமும் மாலை போட்டிருந்தால் கடைசி மாலை யாருக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. பெரியண்ணனுக்கே புரிந்தது.

அடுத்த சாமியும் வருவார். பந்தல்காரர்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள். கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைக் குவிக்கும் முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எண்ணிப் பாருங்கள்.