ஹேட் பீன் மாமனார்

தமிழில் பெரியவர்களுக்கு மரியாதையாகச் சொல்ல தனி விகுதியே இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் இல்லாமலா போகும் என்று நான் நினைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. "கல்பனா, உங்க மெயில்ல டென்ஸ் எல்லாம் தப்பு. இப்படியே போனா வேலை பர்மனென்ட் ஆகாது" என்று மேனேஜர் பிரபாகர் சொல்லிவிட்டார். விடுவேனா? தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் இறங்கும்வரை இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன். அதில் 'ஹேட் பீன்' மனசுக்குப் பிடித்துவிட்டது. 'இஸ்' என்பது நைட்டி, 'ஹேட் பீன்' பட்டுப்புடவை. (யார் சொன்னதுன்னு கேக்காதீங்க, நானே முடிவு பண்ணதுதான்.)

அந்தச் சமயம் மாமனாருக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். லீவு கேட்டு மெயில் எழுதினேன். பெரியவர் விஷயம், மரியாதை குறையலாமா? 'மை ஃபாதர் இன் லா ஹேட் பீன் இன் ஹாஸ்பிடல். ஹி ஹேட் பீன் எ வெரி குட் மேன்.'

சனிக்கிழமை செம்பாக்கம் வீட்டில் அழைப்பு மணி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்த மாமனாரே மெதுவாகப் போய்க் கதவைத் திறந்தார். வாசலில் பிரபாகர், கையில் ரோஜா மாலை. பின்னால் சோக முகங்களோடு என் டீம்.

"கல்பனா வீடுதானே சார்? அவங்க மாமனார்..."

"நான்தான், சொல்லுங்க."

மாலையை ஒளித்துவைக்க அவருக்கு இடமில்லை.

"சின்ன ஆபரேஷன், இதுக்குப் போய் மாலையெல்லாம் எதுக்கு சார்?" என்று மாமா கூச்சத்தோடு கழுத்தைக் குனிந்து காட்டினார். பிரபாகர் வேறு வழியில்லாமல் போட்டுவிட்டார்.

ரசம் கரண்டியோடு வந்த என்னிடம் போனை நீட்டினார் பிரபாகர். என் மெயில். "இதைப் படிச்சா செத்துட்டார்னு அர்த்தம்மா" என்றார் மெதுவாக.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. போகவில்லை. எல்லோருக்கும் காபி கொடுத்து, "சரியா சொல்லித் தராம யாரும் கிளம்பக் கூடாது சார்" என்றேன். மாலையும் கழுத்துமாக மாமா நடுவில் உட்கார்ந்திருக்க, அவரையே உதாரணமாக வைத்து எல்லா டென்ஸையும் படித்து முடித்தேன்.

வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது. ஆனால் இன்றும் என் கணவர் ஆபீஸிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வி, "அப்பா எந்த டென்ஸ்ல இருக்கார்?"

மாமா போனை வாங்கி அவரே பதில் சொல்வார்: "ப்ரெசன்ட் கன்டினியூவஸ்டா."